ஹிப்ஹாப் தமிழா: ரெண்டு பேர், ஒரு முகம்

ஹிப்ஹாப் தமிழா ஒரு ஆள் இல்லைங்க, ரெண்டு பேர். கோயமுத்தூர்க்காரர் ஆதி, கூட ஜீவா. 2012ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம்: தமிழ் ராப், நம்மூர் குத்து, கம்ப்யூட்டர் பீட். 2015ல் 'ஆம்பள' படத்துக்கு இசை. அதற்குப் பிறகு அந்தப் பெயர் ஆதியின் பெயராகவே புழங்க ஆரம்பித்துவிட்டது.

இவர்கள் கதையைச் சொன்ன 'மீசைய முறுக்கு' (2017) படத்தையே பாருங்க. ஆதி எழுதி, இயக்கி, ஆதியாகவே நடித்தார். ஜீவாவாக நடித்தது விக்னேஷ்காந்த். நட்பைக் கொண்டாடுற படம்தான். ஆனால் அதிலும் நமக்குப் பதிந்தது ஒரே முகம். முகத்தைப் பார்த்துப் பாட்டுக் கேட்பது சினிமாப் பழக்கம். சினிமாவுக்கு வெளியே பிறந்த கூட்டணியும் அதற்குள் கரைந்ததுதான் வருத்தம். அடுத்த முறை எழுதும்போது 'இசையமைத்தார்' வேண்டாங்க, 'இசையமைத்தார்கள்' என்று எழுதலாம்.