அடுத்த வருஷம் பாப்பம்: லீஃப்ஸ் ரசிகர்களின் விசுவாசம் பற்றி

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். அப்போது தேசிய ஹொக்கி லீக்கில் ஆறே ஆறு அணிகள்தான், இன்றைக்கு 32. அதற்குப் பிறகு லீஃப்ஸ் ஒருமுறைகூட இறுதிச்சுற்றை எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஸ்காபரோவில் கார்களில் நீலக்கொடி ஏறும். எங்கட பெடியளும் ஜேர்சி போட்டுக்கொண்டு திரிவார்கள். பெரும்பாலும் மே மாதம் முடிய முதலே கொடி இறங்கும். "அடுத்த வருஷம் பாப்பம்."

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அதனால்தான் எழுதுகிறேன். தோல்வியை விட எனக்கு எரிச்சல் தருவது அந்த "அடுத்த வருஷம்".

பட்டியலைப் பாருங்கள். 2013இல் பொஸ்ரனுடன் ஏழாவது ஆட்டம்: மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னுக்கு நின்று, மேலதிக நேரத்தில் 5-4 என்று தோற்றார்கள். 2018, 2019, 2024 மூன்று வருஷமும் அதே பொஸ்ரனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 2021இல் மொன்றியலுடன் 3-1 என்று முன்னிலை, பிறகு வரிசையாக மூன்று தோல்வி. 2004க்குப் பிறகு ஒரு சுற்றை வென்றதே 2023இல்தான். 2025இல் புளோரிடாவுடன் முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டு, சொந்த அரங்கில் ஐந்தாவது ஆட்டத்தை 6-1, ஏழாவது ஆட்டத்தையும் 6-1 என்று விட்டார்கள். இதை அதிர்ஷ்டம் என்று எத்தனை தரம் சொல்லுறது?

பதினொரு வருஷம் ஒரே தலைவர், பிரெண்டன் ஷனஹன். மத்யூஸ், மார்னர், ரவாரெஸ், நைலாண்டர் என்று நாலு முன்கள வீரர்களுக்கு அணியின் சம்பள உச்சவரம்பில் கிட்டத்தட்ட பாதியைக் கொடுத்து, மிச்சப் பாதியில் பின்களத்தையும் கோல் காப்பாளரையும் ஒப்பேற்றினார்கள். நாலு பேரும் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. கேள்வி அந்தக் கணக்குப் பற்றியது. வருஷா வருஷம் ஒரே இடத்தில் உடைந்த கணக்கு. அதைக் கேட்டவனுக்குக் கிடைத்த பதில்: "நீ உண்மையான ரசிகன் இல்லை."

பொருளியலாளர் அல்பேர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூல் ஒன்று விலகல், குரல், விசுவாசம் என்ற மூன்றையும் பற்றியது. ஒரு நிறுவனம் சரியும்போது மக்களுக்கு இரண்டு வழி: விட்டுவிட்டுப் போவது, அல்லது உள்ளே நின்று சத்தம் போடுவது. விசுவாசத்தின் பயன், ஆட்களை உடனே ஓடவிடாமல் நிறுத்தி, சத்தம் போட நேரம் கொடுப்பது. அந்தக் குரலுக்கும் எடை வருவது, இவர்கள் ஒருநாள் போய்விடலாம் என்ற பயம் நிர்வாகத்துக்கு இருந்தால்தான். லீஃப்ஸ் ரசிகர்களிடம் மூன்றாவது மட்டும்தான் மிஞ்சியிருக்கு. போகவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். ஹரல்ட் பலார்ட் எண்பதுகளில் அணியைக் குட்டிச்சுவராக்கியபோதும் இதே விசுவாசம்தான் அவரைக் காப்பாற்றியது. 2024இல் ஃபோர்ப்ஸ் கணக்கின்படி லீக்கிலேயே ஆகப் பெறுமதியான அணி இதுதான், 3.8 பில்லியன் அமெரிக்க டொலர். கிண்ணம் இல்லாமலே அவ்வளவு என்றால், வியாபாரம் பார்ப்பவனுக்கு என்ன அவசரம்?

சிக்காகோவைப் பாருங்கள். பில் வேர்ட்ஸ் உள்ளூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்ட மறுத்தார், அணியும் சரிந்தது, சனம் போகாமல் விட்டது. 2007இல் அவர் இறந்தபின் மகன் றொக்கி வந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். 2010, 2013, 2015 என்று மூன்று கிண்ணம். வெறும் கதிரைகள்தான் வெல்ல வைத்தன என்று சொன்னால் அது பொய். மோசமாக ஆடியதால் கிடைத்த நல்ல தெரிவுகள், ரேவ்ஸ், கேன் இருவரும், பெரிய காரணம். ஆனால் வெறும் கதிரையை எந்த முதலாளியும் காணாத மாதிரி இருக்க ஏலாது.

நியாயமான மறுப்பு ஒன்று இருக்கு: வெற்றிக்காக மட்டும் நேசிப்பது நேசமா? தோற்கும்போது நிற்பவன்தானே ரசிகன்? சரி, நிற்கட்டும். தோற்ற வீரனைத் தேற்றுவது ஒன்று. தோற்கவைத்த முடிவை மன்னித்துக்கொண்டே இருப்பது வேறொன்று. ஊர்ச் சங்கத்திலும் கோயில் நிர்வாகத்திலும் நாங்கள் பார்க்காததா? கணக்குக் கேட்டவன் துரோகி, வாய் மூடியவன் பக்தன்.

2025 மேயில் ஐந்தாவது ஆட்டத்தின்போது சிலர் ஜேர்சியைக் கழற்றிப் பனித்தளத்தில் எறிந்தார்கள். மரியாதையில்லை என்று பலரும் கொதித்தார்கள். எறிவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அதே மாதம் ஷனஹனின் ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. கோடையில் மார்னர் வேகாசுக்குப் போனார். எறிந்த ஜேர்சியால்தான் நடந்தது என்று நான் சொல்லேல்லை. அந்த மாதம் இந்த நகரம் "அடுத்த வருஷம்" என்று சொல்லாமல் "ஏன்" என்று கேட்டது, அவ்வளவுதான்.

ஒக்ரோபர் வந்தால் நானும் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருப்பன். ஆனால் காரணம் சொல்லும்வரை புது ஜேர்சி வாங்கிறதில்லை. பழசு இன்னும் கிழியேல்லை.