ஒன்றும் பலவும்: வாவிக்கரை விவாதம் ஒன்று

பிளாட்டினஸ் (204–270) மெய்ப்பொருளை 'ஒன்று' என்றார். ஞாயிற்றினின்று ஒளிபோல அதனின்று அறிவும், அறிவினின்று ஆன்மாவும் தோன்றும், ஒன்றோ குறைவதில்லை. இக்கருத்துகள் 9ஆம் நூற்றாண்டில் 'அரிஸ்டோட்டிலின் இறையியல்' என்னும் பிழைப்பெயருடன் அரபுமொழி புகுந்தன. இப்னு அரபி (1165–1240) வழிவந்த 'வஹ்ததுல் வுஜூத்' என்னும் உள்ளமை ஒருமைக் கோட்பாட்டிலும் இவற்றின் சாயல் உண்டு.

மட்டக்களப்பு வாவிக்கரைக் காத்தான்குடியில் இக்கோட்பாடு பற்றிய பூசல் 1979இல் மார்க்கத் தீர்ப்புக்கும் 2004இல் வன்செயலுக்கும் இட்டுச்சென்றது. 'எல்லாம் இறை' என்று இதனைச் சுருக்கியுரைத்தல் பொருந்தாது. பிளாட்டினஸிடம் தோன்றியது மூலமன்று. இப்னு அரபியும் இறைவன், அடியான் என்னும் வேற்றுமையைக் கைவிட்டாரல்லர். மூலநூல்களை ஆய்ந்தபின்னரே உடன்படுதலும் மறுத்தலும் தகும். வீடெரித்தல் எவ்வாற்றானும் மறுப்பாகாது என்பதே எமது துணிபு.