தரப்புள்ளி எதை அளக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன், முதுகலை முடித்திருந்த ஒரு மாணவர் தம் ஒருங்கிணைந்த மதிப்பெண் சான்றிதழுடன் என்னைக் காண வந்தார். அதில் அவருடைய ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி 5.7 என்றிருந்தது. அவர் பயின்ற பல்கலைக்கழகம் அதனைப் பத்தால் பெருக்கி 57 சதவீதம் எனச் சான்றளித்திருந்தது. உதவிப் பேராசிரியர் பணிக்கு அவர் விண்ணப்பித்த கல்லூரியோ, தரப்புள்ளியிலிருந்து 0.75ஐக் கழித்துப் பின் பத்தால் பெருக்கும் முறையைக் கையாண்டது. அம்முறைப்படி அவர் பெற்றது 49.5. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் இப்பணிக்கு முதுகலையில் 55 சதவீதத்தைக் கோருகின்றன. பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. தளர்வுக்கு உரியவராக இருந்தும் அரை சதவீதம் குறைந்ததால் அவருடைய விண்ணப்பம் தள்ளப்பட்டது. ஒரே உழைப்பு, ஒரே விடைத்தாள்கள்; ஆனால் ஓரிடத்தில் அவர் தகுதியுடையவர், மற்றோரிடத்தில் தகுதியற்றவர். அன்றுமுதல், இத்தரப்புள்ளி உண்மையில் எதைத்தான் அளக்கிறது என்னும் ஐயம் என்னை விட்டு அகலவில்லை.

இன்று நம் பல்கலைக்கழகங்களில் பரவலாக வழங்கும் முறை, மானியக் குழு 2015இல் விருப்பத் தேர்வுப் பாடமுறைக்கென வகுத்தளித்த பத்துப்புள்ளி அளவையைத் தழுவியது. மிகச் சிறந்தவருக்கு ‘ஓ’ என்னும் எழுத்தும் 10 புள்ளியும். அதன்கீழ் ‘ஏ பிளஸ்’ 9, ‘ஏ’ 8, ‘பி பிளஸ்’ 7, ‘பி’ 6, ‘சி’ 5, வெறும் தேர்ச்சிக்கு 4. தோல்விக்கும் தேர்வுக்கு வராமைக்கும் சுழியம். ஒவ்வொரு பாடத்திற்கும் வாரத்தில் எத்தனை மணிநேரம் என்பதையொட்டிக் கிரெடிட் வழங்கப்படுகிறது. விரிவுரை ஒரு மணிக்கு ஒரு கிரெடிட், செய்முறையாயின் இரண்டு மணிக்கு ஒன்று. பாடத்தில் பெற்ற புள்ளியை அதன் கிரெடிட்டால் பெருக்கி, அனைத்தையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் பருவச் சராசரி கிடைக்கும். நான்கு கிரெடிட் பாடத்தில் 7, இரண்டு கிரெடிட் பாடத்தில் 10 எனப் பெற்றவருக்கு 28ம் 20ம் சேர்ந்து 48; அதனை ஆறால் வகுக்க 8. பெரிய பாடத்திற்குப் பெரிய எடை என்பதில் நியாயம் இருக்கிறது. இவ்வளவில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. நூறு மதிப்பெண்களை எட்டுப் பெட்டிகளில் அடைத்த பிறகுதான் இக்கணக்குத் தொடங்குகிறது. பெட்டியின் எல்லைகளை அந்தந்தப் பல்கலைக்கழகமே வகுத்துக்கொள்கிறது. 60 முதல் 69 வரை ஏழு புள்ளி, 70 முதல் 79 வரை எட்டுப் புள்ளி என வைத்துக்கொள்வோம். சம கிரெடிட்டுள்ள நான்கு பாடங்களிலும் 69 பெற்ற மாணவியின் சராசரி 7. இரண்டில் 70ம் இரண்டில் 60ம் பெற்ற மாணவரின் சராசரி 7.5. மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள்: மாணவி பெற்றது 276, மாணவர் பெற்றது 260. பதினாறு மதிப்பெண் குறைவாகப் பெற்றவர் அரைப்புள்ளி முந்துகிறார். பின்னர் பத்தால் பெருக்கிச் சதவீதமாக்கும்போது உண்மைச் சராசரி 65ஐக் கொண்டவர் 75 ஆகிறார். 69ஐக் கொண்டவர் 70இல் நிற்கிறார். கல்வித்துறையில் இக்கணக்கை அறியாதவர் எவரும் இலர். அறிந்தும் இதனைப் பிழையெனக் கருதாமல் ‘முறை’ எனக் கருதுவதே வியப்பளிக்கிறது.

பெட்டிமுறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்றுண்டு, அது வலுவானதும்கூட. 68க்கும் 69க்கும் இடையே உள்ள வேறுபாடு பொய்யானது, திருத்துபவரின் கை நடுக்கம் அதைவிடப் பெரியது, ஆகவே அண்மையிலுள்ள மதிப்பெண்களை ஒன்றாகக் கருதுவதே நேர்மை என்பர். இதற்குச் சான்றுகள் பழமையானவை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் 1912இல் ஆங்கில விடைத்தாள்களின் படிகளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். ஒரே தாளுக்கு ஒருவர் அறுபதுகளில் மதிப்பெண் இட, மற்றொருவர் தொண்ணூறுகளின் இறுதியில் இட்டார். ஆங்கிலக் கட்டுரையில் அப்படித்தான் என்று கணித ஆசிரியர்கள் சொல்லவும், அடுத்த ஆண்டு வடிவியல் தாளைக் கொண்டு அவ்வாறே செய்தனர். வேறுபாடு அங்கே இன்னும் விரிந்தது.

இதனினும் ஆழமாக என்னைப் பாதித்தது பிலிப் ஹார்ட்டாக்கின் ஆய்வு. 1921இல் இயங்கத் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர். கீழை வங்கத்து முஸ்லிம்களின் உயர்கல்வி வரலாற்றைப் பயின்றோர்க்குப் பழகிய பெயர். பின்னாளில் இங்கிலாந்தில், ரோட்ஸ் என்னும் புள்ளியியலாளருடன் சேர்ந்து தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்தி 1935இல் முடிவுகளை வெளியிட்டார். பள்ளி இறுதித் தேர்வின் வரலாற்று விடைத்தாள்கள் பதினைந்தை அனுபவமிக்க தேர்வாளர்கள் திருத்தினர். ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், முன்பு இட்ட மதிப்பெண் தெரியாதவாறு அதே தாள்கள் அவர்களுள் பதினால்வரிடம் மீண்டும் தரப்பட்டன. ஆக 210 தீர்ப்புகள். அவற்றுள் 92இல், தேர்ச்சியா தோல்வியா சிறப்பா என்னும் முடிவையே அத்தேர்வாளர் மாற்றிவிட்டிருந்தார். ஒருவரோடு ஒருவர் முரண்பட்டதன்று இது. ஒருவர் தம்மோடு தாமே முரண்பட்டது.

ஆகவே நுண்ணிய மதிப்பெண்ணை நம்பாதீர் என்பதை ஏற்கலாம். ஆனால் அந்த வாதத்தை நேர்மையாகப் பின்பற்றுவோர் எழுத்தோடு நின்றிருக்க வேண்டும். நம் முறையோ, துல்லியம் போதாது என்று சொல்லி மதிப்பெண்ணை எழுத்தாக்குகிறது. அந்த எழுத்தை எண்ணாக்குகிறது. அந்த எண்களைச் சராசரி கண்டு இரண்டு தசம இடங்களுக்கு அச்சிடுகிறது. பின்னர் அதனை மீண்டும் சதவீதமாக்குகிறது. கதவு வழியே வெளியேற்றிய துல்லியத்தைச் சன்னல் வழியே அழைத்து உயர்ந்த இருக்கையில் அமர்த்துகின்றனர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் கையேட்டிலுள்ள அட்டவணை 6.25ஐ 55 சதவீதமாகவும் 8.25ஐ 75 சதவீதமாகவும் கொள்கிறது. பத்தால் பெருக்கும் பல்கலைக்கழகமோ அவற்றை 62.5, 82.5 என்கிறது. ஏழரைச் சதவீத வேறுபாடு இது. இதில் எது உண்மை என்னும் வினாவே பொருளற்றது. பெட்டிக்குள் போட்ட மதிப்பெண் எந்தச் சூத்திரத்தாலும் திரும்ப வராது.

எல்லைகளை முன்கூட்டியே வரையாமல், வகுப்பில் பிறர் எழுதியதோடு ஒப்பிட்டுத் தரமிடும் வழக்கமும் உண்டு. மானியக் குழு இரண்டையும் அனுமதித்தது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் மேயர் 1908இல் முன்வைத்த பங்கீடு இதன் முன்னோடிகளுள் ஒன்று: மேல்நிலைக்கு 3 விழுக்காடு, அடுத்ததற்கு 22, நடுவே 50, அதன்கீழ் 22, தோல்விக்கு 3. கடுமையான வினாத்தாளின் தீங்கை இது தணிக்கும். எனினும் வகுப்பில் எவ்வளவு சிறந்தவர் கூடினாலும் குறித்த விழுக்காட்டினர் கீழே கிடந்தாக வேண்டும்; தோழனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன் தன் தரத்தைத் தானே தாழ்த்திக்கொள்கிறான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல் ‘ஏ’ வகைத் தரங்களை 35 விழுக்காட்டுக்குள் அடக்க முயன்று, 2014இல் அதனைக் கைவிட்டது. உரமிட்டுப் பெருகும் தரங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்போர் இந்தப் பத்தாண்டு அனுபவத்தை அறிந்துகொள்ளல் நன்று.

நம் மரபில் ஆசிரியர் வழங்கிய இஜாஸா இன்னாரிடம் இன்ன நூலை இன்னார் கற்றார் என்று கூறியது. சான்றளித்தவர் பெயர் அதில் இருந்தது. அவருடைய மதிப்பைக் கொண்டே சான்றின் மதிப்பும் கணிக்கப்பட்டது. அதன் குறைகளை நான் அறியாதவனல்லன். ஆயிரக்கணக்கானோர் பயிலும் கல்லூரிக்கு அது பொருந்தாது. ஆயினும் 5.7 என்னும் எண்ணுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்பதை அது நினைவூட்டுகிறது.

மாற்றுவழி அரிதானதன்று. ஐரோப்பிய நாடுகள் தம் கிரெடிட் மாற்று முறையில் முதலில் ஐந்து எழுத்துக்களைக் கொண்டு, மேலுள்ள 10 விழுக்காட்டினருக்கு ‘ஏ’, அடுத்த 25க்கு ‘பி’ என்று பகுத்தன. 2009இல் அதனைக் கைவிட்டு, ஒவ்வொரு நிறுவனமும் தன் தரங்களை எத்தனை விழுக்காட்டினர் பெற்றனர் என்னும் பட்டியலை இணைத்தால் போதும் என்றன. சான்றிதழைக் காண்பவர் ‘பி பிளஸ்’ அங்கே அரியதா மலிந்ததா எனத் தாமே உணரலாம். நம் சான்றிதழ்களிலும் எழுத்துக்குப் பக்கத்தில் பெற்ற மதிப்பெண்ணையும், அத்தாளின் வகுப்புச் சராசரியையும், எழுதியோர் தொகையையும் அச்சிடுவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டா. தேர்வுத்துறையின் கணினிகளில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. மாற்றுச் சூத்திரத்தைப் பொறுத்தவரை, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் சான்றிதழின் பின்புறத்தில் அச்சிட்டதையே பணியமர்த்துவோர் ஏற்க வேண்டும் என மானியக் குழு ஒரு வரியில் கட்டளையிட்டிருக்கலாம்.

அம்மாணவர் தம் நான்கு பருவத்து மதிப்பெண்களையும் தனித்தனியே கேட்டுப் பெற்றுக் கூட்டிப் பார்த்தார். எழுத்துக்கும் புள்ளிக்கும் மாற்றப்படாத அவருடைய உண்மைச் சராசரி 56ஐச் சற்றே தாண்டியிருந்தது. அத்தாளை அவர் கல்லூரி அலுவலகத்தில் நீட்டியபோது, விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண்ணுக்கெனக் கட்டம் இல்லை, தரப்புள்ளிக்கு மட்டுமே உண்டு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.