வரலாறு என்னும் இடித்துரை

அரசியல் மேடைகளில் வரலாறு பெரும்பாலும் பெருமை பேசவே பயன்படுகின்றது. இராசேந்திரன் கடாரம் கொண்டதைப் பாடுவோர் பலர். அச்சோழப் பேரரசு 13ஆம் நூற்றாண்டில் ஏன் சிதைந்தது என்று ஆராய்வோர் சிலரே. தலைவர்க்குப் பாடமாவது பின்னதே அன்றோ?

இவ்வளவுகோலைக் கொண்டு ஜவாஹர்லால் நேருவின் எழுத்தை நோக்குவோம். 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்டு வரை, பெரும்பாலும் சிறையிலிருந்து, மகள் இந்திராவுக்கு அவர் வரைந்த 196 கடிதங்களே அவருடைய உலக வரலாற்று நூல். நூலக வசதியின்றித் தம் குறிப்பேடுகளைத் துணைக்கொண்டு எழுதியும், ஐரோப்பாவோடு சீனத்தையும் அரபு நாடுகளையும் ஒரே வரலாறாக இணைத்தமை அதன் தனிச்சிறப்பு. சோவியத் நாட்டின் திட்டங்களை வியந்த அளவுக்கு அங்கு மக்கள் பட்ட துன்பத்தைக் காணாமை அதன் குறை.

எனினும், அவர் வரலாற்றைக் கற்ற திறத்துக்குச் சிறந்த சான்று 1937 நவம்பரில் கல்கத்தாவின் 'மாடர்ன் ரெவ்யூ' இதழில் வந்த சிறு கட்டுரையாகும். 'சாணக்கியன்' என்ற புனைபெயரில் மறைந்து நின்று, மக்கள் போற்றும் இந்த ஜவாஹர்லால் ஒரு சீசராக மாறிவிடக்கூடும் என்று அவரே நாட்டை எச்சரித்தார். இடித்துரைக்கும் பெரியோரைத் துணைக்கொள்ளுமாறு வள்ளுவர் அரசனுக்குக் கூறினார். நேருவோ வரலாற்றையே அத்துணையாகக் கொண்டு தம்மைத் தாமே இடித்துரைத்தார்.

ஆட்சி கைவந்தபின் அக்குரல் எப்போதும் ஒலித்ததா? 1959இல் கேரளத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை நீக்கப்பட்டபோது பிரதமர் அவரே. 1975 ஜூன் 25ஆம் நாள் நெருக்கடி நிலையைக் கொணர்ந்தவரோ, அக்கடிதங்களைப் பெற்ற மகளே. பத்திரிகைகள் தணிக்கைக்குள்ளாயின; எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறை புகுந்தனர். 1977இல் தேர்தலை நடத்தியவரும் அவரே என்பதையும் மறத்தலாகாது. அத்தேர்தலில் தீர்ப்பு வழங்கியோர், அக்கடிதங்களைப் படித்தறியாத கோடிக்கணக்கான எளிய மக்கள்.

ஆகவே, நூல் பாடத்தைக் காட்டும். அதைத் தமக்கென ஏற்பது படிப்போர் கடன். தலைநகரில் அரசுப் பணிபுரியும் நாமும், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளும், வரலாறு பேசும் எத்தலைவரிடமும் ஒன்று கேட்கப் பழகுவோம்: 'ஐயா, இவ்வரலாறு தங்களுக்கு என்ன எச்சரிக்கை தருகின்றது?'