கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் படைப்புக் கதையும்

சாரல் காலத்தில் குற்றால அருவியிலே இரு மொழிகள் ஒலிக்கும். ஒன்று தென்காசித் தமிழ். மற்றொன்று ஆரியங்காவுக் கணவாய் கடந்து வந்தோரின் மலையாளம். இவ்விரண்டும் தனித்தனியே படைக்கப்பட்டவையா? அல்ல, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அவ்வுறவை நிலைநாட்டியவர் யார்? நெல்லைச் சீமை இடையன்குடியிலே சமயத் தொண்டாற்றிய பாதிரியார் கால்டுவெல்! படைப்பாளியை நம்பிய அவர், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலே மறைநூலையா சான்றாக்கினார்? வேர்ச்சொல்லையும் விகுதியையும் அன்றோ நிறுத்தினார்! திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு இணைத்த அவர் கருத்தைப் பின்வந்த ஆய்வு ஏற்கவில்லை. முடிவு வீழ்ந்தது, முறை நின்றது. அதுவே நூலின் பெருமை.

1859-இல் டார்வின் உயிரினங்களின் உறவை ஆராய்ந்து நூல் தந்தார். மொழிகள் பிரிவதும் உயிரினங்கள் பிரிவதும் ஒத்தவை என 1871-இல் அவரே எழுதினார். மொழிக்கு ஒப்பிய நீதியை உயிருக்கு மறுப்பானேன்?

இதே மலைத்தொடரில், திருவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்ட தவளையினம் ஒன்று 2017-இல் அறிவிக்கப்பட்டது. அதன் குடும்பத்துக்கு நெருங்கிய உறவுக் குடும்பம் வாழ்வது சீசெல்சுத் தீவுகளில்! பெருங்கடலை நீந்தியா கடந்தது? நிலம் பிளந்தது, இனமும் பிரிந்தது. ஆறு நாள் படைப்புக் கதை இதனை விளக்குமா?

கிறித்தவர் அனைவரும் அறிவியலின் பகைவரல்லர். பரிணாமம் வெறும் ஊகமன்று என 1996-இல் போப் இரண்டாம் யோவான் பவுலே ஒப்பினார். நமது பூசல் சான்றுக்குக் கண்மூடும் பழக்கத்தோடுதான்.

தோழர்களே! குற்றாலப் பாறையினும் தமிழ் மூத்தது என மேடையிலே முழங்குகிறோமே, அதுவும் படைப்புக் கதையன்றோ? கால்டுவெல்லுக்கு மாலையிடுவது எளிது. அவர் முறையை நம்மீதே செலுத்துவதுதான் பகுத்தறிவு.