'புறம்போக்கு': வருவாய்ச் சொல், வசைச்சொல், எதிர்ப்புச் சொல்

1. பேரிடரும் பெயரீடும்

பேரிடரால் இடம்பெயர்ந்தோரைச் சமுதாயம் எச்சொல்லால் குறிக்கிறது என்பது மொழியியலார் கருதத்தக்க ஒன்றாகும். 2005 ஆகஸ்டில் 'கத்ரீனா' புயலால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, வீடிழந்த கறுப்பின மக்களைச் செய்தியாளர் பலர் 'அகதிகள்' என்றனர். சொந்த நாட்டுக் குடிமக்களை அயலாராக்கும் சொல் அது என எதிர்ப்பு எழவே, சில நாளேடுகள் அச்சொல்லைக் கைவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் சென்னையில் இதே பணியைச் செய்த சொல் 'ஆக்கிரமிப்பாளர்' என்பதாகும். அடையாறு, கூவம் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த ஏழை மக்கள் அப்பெயரால் சுட்டப்பட்டுப் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு அகற்றப்பட்டனர். அவர்களுள் தலித் மக்கள் மிகுதி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எழுந்த பெருங்கட்டடங்களுக்கு அப்பெயர் அத்துணை எளிதில் வழங்கவில்லை.

இச்சூழலில், 2017 ஜனவரியில் வெளிவந்தது 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருஷ்ணா கருநாடக இசையில் இராகமாலிகையாகப் பாடினார். எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலாலும் கட்டுமானங்களாலும் சீரழிவதே அதன் பொருள். நீர்வழியை அடைத்தால் வெள்ளம் ஊருக்குள் வரும் என்னும் உண்மையை அது ஒரே சொல்லை மையமாக வைத்துக் கூறுகிறது.

2. சொல்லின் இருநிலை

'புறம்போக்கு' (புறம் + போக்கு) வருவாய்த்துறைச் சொல். வரி விதிப்புக்கு உட்பட்ட நிலங்களின் புறத்தே நிற்பது என்பது அதன் பொருள். நத்தம் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என அடைபெற்று வருங்கால் அதில் இழிவு இல்லை. அடையின்றித் தனித்து நின்று உயர்திணையைச் சுட்டும்போதே அது வசையாகிறது. ஆகவே, இழிபுப் பொருட்பேறு இச்சொல்லில் திணை மாற்றத்தோடு இணைந்தே நிகழ்ந்துள்ளது எனலாம். வரி தராத நிலம் பயனற்றது என்னும் கருத்து, பயனற்றவன் என மனிதன் மீது ஏறியது.

பாடல் இவ்வழியிலேயே நடக்கிறது. தொடக்கத்தில் நான்காம் வேற்றுமையைக் கொண்டு, தனியாரை விலக்கி, ஊரையும் உலகையும் நிலத்திற்கு உரிமையாக்குகிறது. முடிவில் அதே சொல்லைப் பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் பெயராக்குகிறது. அஃறிணையிலிருந்து உயர்திணைக்குச் செல்லும் இப்பெயர்ச்சியே பாடலின் கட்டமைப்பு. அதன் வலிமையும் அதுவே.

எனினும், இழந்த பழம்பொருளைப் பாடல் மீட்கிறது என்று கூறுவது முழுதும் பொருந்தாது. வருவாய்ச் சொல்லாக இருந்தபோதே 'புறம்' என்னும் அடி வரித்தண்டலரின் பார்வையைத் தாங்கியது. ஊர்மக்களின் பார்வையில் அந்நிலம் மந்தைவெளி, களம், இடுகாடு. எனவே பாடல் செய்வது மீட்பு அன்று. புதியதோர் உயர்பொருட்பேற்றைப் படைத்தலாகும்.

3. வழக்கும் இசையும்

1940களின் தமிழிசை இயக்கம் தெலுங்கும் சமஸ்கிருதமும் கோலோச்சிய மேடையில் தமிழுக்கு இடம் வேண்டியது. ஆயினும் அங்கு ஏறிய தமிழ் பெரிதும் எழுத்து வழக்கே. சென்னை உழைக்கும் மக்களின் பேச்சு வழக்கைக் கருநாடக இசைக்குள் கொணர்ந்தது இப்பாடலின் சிறப்பு. 'புறம்' என்பது 'பொறம்' என உகரம் ஒகரமாகத் திரிந்தே ஒலிக்கிறது, அத்திரிபு திருத்தப்படவில்லை.

இங்கு ஒரு வினா எழுகிறது. வசைச்சொல்லைத் தன் பெயராக ஏற்றல், அச்சொல்லால் வையப்பட்டோர் வாயில் ஒரு பொருளையும், ஒருநாளும் வையப்படாதோர் வாயில் வேறொரு பொருளையும் தரும். முன்னது எதிர்ப்பு, பின்னது தோழமை. கருநாடக இசை கேட்போருள் பலர் இரண்டாம் வகையினர். 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் கொண்டு பாடியபோது, பேசுவோரும் பேசப்படுவோரும் ஒருவராயினர். இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ஒரே எதிர்ப்பிசை எனப் பாராட்டுதல் திறனாய்வு ஆகாது.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்

இப்பாடலின் தேவை சென்னையோடு முடிவதன்று. பெங்களூரில் விவேக் நகரை அடுத்த ஈஜிபுரத்தில், நலிந்த பிரிவினர்க்கென எழுப்பப்பட்ட குடியிருப்பின் பகுதிகள் இடிந்து வீழ்ந்தன. அங்குக் கொட்டகைகளில் தங்கியிருந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் 2013 ஜனவரியில் அகற்றப்பட்டன. அப்பகுதித் தமிழர்க்குப் பாடலின் மையச்சொல் எளிதில் விளங்கும். அவர்தம் கன்னட அண்டை வீட்டார்க்கு அதனைச் சொல்ல முற்படின், கருநாடக வருவாய்த்துறையின் 'கராபு' என்னும் சொல் முன்வரும். சாலை, ஏரி, ஓடை முதலிய பொதுப்பயன் நிலங்கள் அங்கு 'பி கராபு' எனப்படும்.

ஆனால் இரு சொற்களும் எதிரெதிர்த் திசையில் வந்தவை. அரபியில் பாழ் எனப் பொருள்படும் 'கராப்' உருது வழியாக வந்து நிலப்பெயராயிற்று. அங்கு இழிவு முந்தியது, நிலம் பிந்தியது. தமிழில் நிலம் முந்தியது, இழிவு பிந்தியது. 'பொதுநிலம்' என மொழிபெயர்த்தால் வசை மறையும்; வசைச்சொல் ஒன்றை இட்டால் நிலம் மறையும். 'கராபு' இரண்டையும் ஓரளவு தாங்கும். எனினும் மனிதனை நோக்கி அதனை ஆளும் வழக்கை மொழிபெயர்ப்பாளரே உண்டாக்க வேண்டும். பாடலாசிரியர் தமிழில் செய்ததும் அத்தகைய ஆக்கமே ஆதலின், அகராதியைக் கடந்த அத்துணிவு இங்குப் பிழை எனக் கொள்ளத்தக்கதன்று.