தானோஸ் போட்ட கணக்கு

(கதையின் முடிவுவரை பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' (2018) படத்தை மறுபடி பார்த்தேன். இருபதுக்கும் மேற்பட்ட சூப்பர் ஹீரோக்கள், இரண்டரை மணி நேரம். ஆளுக்கு ஏழு நிமிஷம் பிரித்துக் கொடுத்தாலே படம் முடிஞ்சிடும். ஆனாலும் குழப்பமில்லாமல் ஓடுகிறது. காரணம், ருஸ்ஸோ சகோதரர்கள் கதையை வில்லன் தானோஸ் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆறு கற்களைத் தேடிப் போகிறவன் அவன். கடைசியில் ஜெயித்துவிட்டு நிம்மதியாக உட்காருகிறவனும் அவன்தான். அவனை மறிக்க ஹீரோக்கள் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிகிறார்கள். டோனி ஸ்டார்க், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் என்ற இரண்டு தலைக்கனங்கள் ஒரே விண்கலத்தில். தோர் தான் இழந்தவர்களை ராக்கெட்டிடம் சிரித்துக்கொண்டே வரிசையாகச் சொல்லும் இடம், எனக்குச் சண்டைகளை எல்லாம் விடப் பெரிசு.

இன்னொரு பலம், படம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. பலரைக் காப்பாற்ற ஒருவரைப் பலி கொடுக்கலாமா? விஷனைப் பலி கொடுக்க ஸ்டீவ் மறுக்கிறார். கமோரா கேட்டுக்கொண்டபடி குவில் அவளையே சுடுகிறான். துப்பாக்கியில் சோப்புக் குமிழிதான் வருகிறது. வாண்டா தன் கையாலேயே விஷனை அழிக்கிறாள். தானோஸ் காலத்தையே பின்னால் திருப்பிவிடுகிறான். அவனோ மகள் கமோராவைக் கண்ணீரோடு மலையிலிருந்து தள்ளிவிட்டுக் கல்லை வாங்கிக்கொள்கிறான்.

பலவீனங்களில் சின்னது, கடைசிச் சாவுகள். 'பிளாக் பாந்தர்' வந்து இரண்டே மாசம். அவர் தூசியாகப் போனதை யார் நம்புவார்கள்? பீட்டர் டோனியைக் கட்டிக்கொண்டு கதறுவது மட்டும் மனசைப் பிசைகிறது.

பெரிய பலவீனம் வேறு. வளம் குறைவு, உயிர்கள் அதிகம், அதனால் பாதியைக் கொல்வேன் என்கிறான் தானோஸ். அது உனக்கு எப்படித் தெரியும் என்கிறாள் கமோரா. இனப்படுகொலை என்கிறார் ஸ்ட்ரேஞ்ச். அதுக்கு மேல யாரும் கேட்கலை.

நாமே கணக்குப் போடுவோம். 2018-இல் உலக மக்கள்தொகை சுமார் 760 கோடி. பாதி என்றால் 380 கோடி. அது 1970களின் தொடக்கத்தில் இருந்த அளவு. அதாவது அரை நூற்றாண்டுக்குள் பழையபடி ஆகிவிடும். சரி, அப்போது உலகத்தில் பசி இல்லாமல் இருந்ததா? 1974-இல் வங்கதேசத்தில் கொடும் பஞ்சம். அந்த வருஷம் அங்கே தலைக்கு இருந்த உணவு முந்தைய வருஷங்களைவிடக் குறைவில்லை என்று அமர்த்தியா சென் காட்டினார். வெள்ளத்தில் வேலை போய், விலை ஏறி, ஏழைகளால் அதை வாங்க முடியவில்லை. சிக்கல் தலைகளின் எண்ணிக்கையில் இல்லை.

படம் பார்த்துவிட்டு, "தானோஸ் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல?" என்று கேட்டவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படத்தில் வாதம் வைத்த ஒரே ஆள் அவன்தான். சுத்தி நின்ன அத்தனை மேதைகளில் ஒருத்தராவது அந்தக் கணக்கைத் திருப்பிக் கேட்டிருந்தால் தானோஸ் சின்னவனாகியிருக்க மாட்டான். படம் இன்னும் பெரிதாகியிருக்கும்.